விசாலம் அக்காவும் இலைப் பைகளும்

விசாலம் அக்கா போய்விட்ட செய்தி எனக்குத் தாதர் ஸ்டேஷன் பாலத்தில் வந்தது. கூட்டத்தில் ஒதுங்கி நின்று போனைப் பார்த்தேன். எங்கள் செம்பூர் காலனியின் வாட்ஸப் குழுவில் செயலாளர் எழுதியிருந்தார். தண்ணீர்த் தொட்டி கழுவும் அறிவிப்புக்கும் லிஃப்ட் பழுது அறிவிப்புக்கும் நடுவில் அந்தச் செய்தி இருந்தது. "நம் காலனியின் பசுமைத் தாய் நம்மை விட்டுப் பிரிந்தார்" என்று ஆங்கிலத்தில் போட்டு, வரிசையாகக் கூப்பிய கைகள். பாலத்தில் நின்றபடியே முதலில் எனக்கு வந்தது அழுகை இல்லை. பசுமைத் தாயாம். எட்டு மாதங்களுக்கு முன்னால் இதே மனிதர் இதே குழுவில் அவரைப் பற்றி எழுதியதை நான் மறக்கவில்லை.

நம் வாசகர் வட்டத்தில் அவரை அறிந்தவர்கள் பலர் இருக்கிறீர்கள். கூட்டத்துக்கு நேரத்துக்கு வருகிற, தாமதமாக வருகிறவர்களை முறைத்துப் பார்க்கிற விசாலாட்சியைத்தான் நீங்கள் கண்டிருப்பீர்கள். பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் மேலாளரின் காரியதரிசியாக இருந்து ஓய்வு பெற்றவர். பாலக்காட்டுக் குடும்பம், மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவர். காலனியில் பலர் அவரை மாமி என்பார்கள். எனக்கு அப்படிக் கூப்பிட்டுப் பழக்கமில்லை. என் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்து தாராவியில் மளிகைக்கடை வைத்திருந்தவர்; எங்களுக்கு மூத்த பெண்கள் எல்லாரும் அக்காதான். முதல் நாள் "அக்கா" என்றதும் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். "ஆகட்டும், ஜெயா. என்னை யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை" என்றார். அதற்கப்புறம் வேறு யாரும் அப்படிக் கூப்பிட அவர் விடவும் இல்லை.

எங்கள் காலனியில் பெரிய தூங்குமூஞ்சி மரம் ஒன்றும் நாட்டுவாதுமை மரங்கள் சிலவும் உண்டு. தீபாவளி முடிந்தால் உதிரத் தொடங்கி, ஹோலி வரைக்கும் இலை கொட்டும். முன்பெல்லாம் அதைக் கூட்டி மதில் ஓரம் குவித்துக் கொளுத்திவிடுவார்கள். அக்காவுக்கு இளவயதிலிருந்தே மூச்சிழுப்பு. ஓய்வு பெற்ற முதல் குளிர்காலத்தில் பகல் முழுக்க வீட்டிலிருந்தபோதுதான் அந்தப் புகை எவ்வளவு என்று தெரிந்தது என்பார். கீழே இறங்கிப் போய்ப் பெருக்குகிற தீபக்கிடம், "கொளுத்தாதே, பையில போடு" என்றார். "பை எங்கே?" என்று அவன் கேட்டான். பைகள் அப்படித்தான் தொடங்கின. தோட்டக் குப்பை தனியாகக் கட்டி வாசலில் இருந்தால் முனிசிபாலிட்டி வண்டி எடுத்துப்போகும். அவிழ்ந்து கிடந்தால் தொடாது.

முதலில் கைப்பிடி வைத்த பச்சைப் பைகள் வரவழைத்தார். அழகாகத்தான் இருந்தன. ஏப்ரல் வெயிலில் பத்து நாள் நின்றதும் தூக்கும்போதே பிடி கையோடு வந்துவிட்டது. அடுத்து மாட்டுங்கா அரிசிக் கடைகளில் சொல்லிவைத்துச் சாக்குகள் வாங்கினார். காய்ந்த இலைக்குச் சணல் கோணி. மழைக் காலத்தில் சணல் தண்ணீரைக் குடித்து, புழுத்து, நாறிவிடும். அதனால் ஜூனுக்கு முன் எல்லாவற்றையும் மாற்றி, பின்னல் பிளாஸ்டிக் சாக்குகள் வைப்பார். அவற்றின் அடி மூலைகளில் தண்ணீர் வடியத் துளை போட்டு, பிரிந்த ஓரங்களைக் கோணியூசியால் தானே தைப்பார். பாதிக்கு மேல் நிரப்பவிடமாட்டார். "ஈர இலை கனக்கும். தூக்கறவன் இடுப்பு அவனோடது, நம்மோடது இல்லை" என்பார். மழை நின்றதும் அவற்றைக் கழுவிக் காயவைத்து நிழலில் தொங்கவிட்டுவிட்டு மறுபடி கோணிக்கு வருவார். பிளாஸ்டிக் சாக்கின் அடியை விரலால் கசக்கிப் பார்த்து, வெள்ளையாகப் பொடி ஒட்டினால் தூக்கிப் போட்டுவிடுவார். "ஒரு மழைக்குத் தாங்கும்னு யாராவது சொன்னா நம்பாதே" என்பது அவருடைய எச்சரிக்கை.

இது இனிமையாக நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அக்கா இனிமையானவர் இல்லை. பூஜைப் பூவைப் பிளாஸ்டிக் உறையோடு பைக்குள் போட்டவர்களின் வீட்டுக் கதவைத் தட்டி, உறையைக் கையில் கொடுத்துவிட்டு வருவார். பிறந்தநாள் கேக் அட்டையை இலைப் பையில் கண்டுபிடித்து அந்த வீட்டு வாசலிலேயே வைத்தார். எனக்கும் அவரிடம் திட்டு கிடைத்திருக்கிறது. அவர் சொன்னதில் தப்பு இருக்காது, சொன்ன விதம்தான் யாருக்கும் பிடிக்காது. பல வருடங்கள் காலனியில் புகையில்லை. அதை யாரும் கவனிக்கவில்லை. அக்காவின் வாயைத்தான் கவனித்தார்கள்.

பிறகு புதுக் கமிட்டி வந்தது. வாசலுக்குக் கல் பதித்தார்கள், பொன்னிற எழுத்தில் பெயர்ப் பலகை வைத்தார்கள். பலகைக்குக் கீழே சாக்குகள் நிற்பது செயலாளருக்குப் பொறுக்கவில்லை. ஒரு நாள் நாங்கள் இரண்டு பேரும் கீழே நிற்கும்போது வந்து, "மேடம், உள்ளே வருகிறவர்களுக்கு இது தாராவி மாதிரி தெரிகிறது" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா ஹிந்தியில் பதில் சொன்னார்: "தாராவியில் ஒரு சாக்குகூட வீணாகாது. உங்களுக்குத் தெரியவேண்டிய ஊர்தான்."

மறுவாரம் பைகளைப் பம்ப் அறைக்குப் பின்னால் மாற்றச் சொல்லி அறிவிப்பு ஒட்டினார்கள். அங்கே மேற்கு வெயில் நேராக அடிக்கும். பக்கத்திலேயே மழைநீர்க் கால்வாய். மழைச் சாக்குகளைத் தொங்கவிட்டிருந்த நிழலிடத்தையும் சைக்கிள் நிறுத்தவென்று எடுத்துக்கொண்டதால் அவையும் வெயிலுக்குப் போயின. கோடை முழுக்க அங்கே கிடந்து நைந்தன. மே மாதத்தில் அக்கா ஒரு சாக்கைக் கசக்கி, வெள்ளைப் பொடி ஒட்டிய விரல்களோடு செயலாளர் வீட்டுக்கே போனார். நானும் கூடப் போனேன்.

"எல்லாத்தையும் மாத்தணும். இடத்தையும் மாத்தணும். மழை வந்தா இதெல்லாம் கால்வாயில போய் அடைச்சுக்கும்."

"பொதுக்கூட்டத்தில் வைத்துப் பேசலாம், மேடம்."

"மழை உங்க பொதுக்கூட்டத்துக்குக் காத்திருக்காது."

"அதுவரைக்கும் நீங்கள் பழைய பைகளைத் தொடவேண்டாம். சொசைட்டி பொருள்."

அக்கா வாங்கிவந்து தன் கையால் தைத்த சாக்குகள் ஒரு வாக்கியத்தில் சொசைட்டி பொருளாகிவிட்டன. அவர் சொந்தமாகப் புதிய சாக்குகள் வாங்கிவந்தபோது வாட்ச்மேன் வாசலிலேயே தடுத்துவிட்டார். மேலிடத்து உத்தரவு.

ஜூனில் முதல் பெரிய மழை ஒரு மத்தியானம் கொட்டியது. இலை நிரப்பியிருந்த நைந்த சாக்குகள் பிளந்து, இலையும் சேறும் கால்வாய்க் கம்பியில் போய் அடைத்துக்கொண்டன. தரைத்தளத்தில் ஒரு வீட்டுக்குள் தண்ணீர் புகுந்தது. மகள் கல்யாணத்துக்கு வாங்கிவைத்த துணிகள் கீழ்த்தட்டில் இருந்திருக்கின்றன, எல்லாம் நனைந்துபோயின. அந்த அம்மாள் நடுக்கூடத்தில் நின்று அழுதார். அக்கா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு உள்ளே போய், சாயங்காலம் வரை அவர்களோடு தண்ணீரை இறைத்து, துடைத்து, துணிகளை ஒவ்வொன்றாகப் பிழிந்து போட்டார். அங்கிருந்து மேலே ஏறும்போது படிக்குப் படி நின்றார். அதற்குள் குழுவில் செயலாளர் எழுதிவிட்டார்: "ஒருவருடைய பிடிவாதமான பொழுதுபோக்குக்கு நாம் எல்லோரும் விலை கொடுக்கிறோம்."

ஞாயிற்றுக்கிழமை கார் நிறுத்துமிடத்தில் நாற்காலி போட்டுக் கூட்டம் வைத்தார்கள். பொதுக்கூட்டம் இவ்வளவு சீக்கிரம் கூடும் என்று அன்றுதான் தெரிந்துகொண்டேன். நான் எழுந்து மே மாதம் நடந்ததைச் சொன்னேன். "மதராசிகள் எல்லாம் ஒரே கட்சி" என்று பின்வரிசையில் யாரோ சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அக்கா மன்னிப்புக் கேட்டால் விஷயத்தை முடித்துக்கொள்ளலாம் என்றார் செயலாளர். அக்கா எழுந்திருக்கவில்லை. உட்கார்ந்தபடியே சொன்னார்: "அவா வீட்டுத் தண்ணியை நான் துடைச்சேன். உங்க தப்பை நான் துடைக்க மாட்டேன்." தமிழில்தான் சொன்னார். மொழிபெயர்க்கச் சொல்லி என்னைப் பார்த்தார்கள். வார்த்தை விடாமல் மொழிபெயர்த்தேன்.

மறுநாளே எல்லாச் சாக்குகளையும் வண்டியில் ஏற்றி அனுப்பினார்கள். இனி இலைப் பை கிடையாது என்று தீர்மானம். குளிர்காலம் வந்தது, இலை கொட்டியது, மதில் ஓரம் மறுபடி புகை எழுந்தது. அக்கா வீடு அதற்கு நேர் மேலே. ஜன்னல்களைச் சாத்தி, இடுக்குகளில் ஈரத்துணி செருகி உட்கார்ந்திருப்பார். இரண்டு முறை இறங்கிப் போய்ப் பேசினார். பேசுவதற்குள் இருமல் வந்துவிடும். "அரை மணி நேரம்தானே, ஆண்ட்டி" என்றார்களாம்.

ஜனவரியில் ஆஸ்பத்திரி. வீடு வந்தார், மறுபடி போனார். நெஞ்சு பல வருடங்களாகவே பலவீனம் என்றார் டாக்டர். நான் டாக்டர் இல்லை. புகைதான் கொன்றது என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. கடைசியாகப் பார்த்தபோது ஆக்ஸிஜன் முகமூடியைச் சற்று விலக்கிவிட்டு, "கீழ் வீட்டுப் பொண்ணு கல்யாணம் நன்னா நடந்ததோ?" என்று கேட்டார். நடந்தது, அக்கா என்றேன். அவருக்கு அழைப்பு வரவில்லை.

இரங்கல் கூட்டத்தில் பெரிய பேனர் கட்டியிருந்தார்கள். வாசலருகே, முன்பு சாக்குகள் நின்ற இடத்தில் நான்கு தொட்டிகள் வைத்து "விசாலாட்சி கார்னர்" என்று பலகை நட்டார்கள். பூனாவிலிருந்து வந்த அவர் மகள் மாலதிக்கு ஒன்றும் தெரியாது. எல்லோரையும் கைகூப்பி வணங்கினாள். "உங்கள் மொழிக்காரர், நீங்கள் இரண்டு வார்த்தை பேசுங்கள்" என்றார் செயலாளர். எழுந்து ஹிந்தியிலேயே கேட்டேன்: "நாளையிலிருந்து கொளுத்துவதை நிறுத்துவீர்களா?"

"ஆண்ட்டி, அதற்கு இது நேரமில்லை."

இரண்டு நிமிட மௌனம் அனுசரித்தோம்.

நாலைந்து நாள் கழித்துக் காலையில் மறுபடி புகை. ஒரு வாளித் தண்ணீரோடு கீழே போய் நெருப்பின் மேல் ஊற்றினேன். தீபக் ஒதுங்கி நின்றான். "செக்ரட்டரி சாப் கேட்டா நான் என்ன சொல்ல?" என்றான். "நான் ஊத்தினேன்னு சொல்லு" என்றேன். இலை உதிர்ந்து முடியும்வரை அப்படித்தான் செய்தேன். இப்போது மே மாதம். மாட்டுங்காவிலிருந்து மழைக்கான சாக்குகளை நானே வாங்கி, வாட்ச்மேன் தடுக்கத் தடுக்க உள்ளே கொண்டுவந்துவிட்டேன். தைப்பது எனக்கு நேராக வரவில்லை.

அக்காவின் பொருள் எதுவும் என்னிடம் இல்லை. அவர் படம் வாசலில் தொங்குகிறது, அது கமிட்டியுடையது. பசுமைத் தாயும் அவர்களுடையவர்தான், வைத்துக்கொள்ளட்டும். அன்று அத்தனை பேர் நடுவில் நாற்காலியைவிட்டு எழாமல் உட்கார்ந்திருந்த பெண்ணை நான் எடுத்துக்கொண்டேன். காலனியின் பொதுக் காரியத்தில் குறுக்கிட்டதற்கு விளக்கம் கேட்டு, வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு என்னை அழைத்திருக்கிறார்கள். போகிறேன். தமிழில் பேசப்போகிறேன். மொழிபெயர்த்துச் சொல்ல இந்தத் தடவை யாரும் இல்லை.