சாந்தா அக்காவின் எடை

சாந்தா அக்கா தான் வேலை செய்யும் தொழிற்சாலை கேண்டீனில் மயங்கி விழுந்துவிட்டார் என்று போன் வந்தபோது, அவருடைய கணவர் கணேசன் எங்களிடம் டயாலிசிஸ் மிஷினில் இருந்தார். குழாயில் ஓடும் இரத்தத்தைத் திருப்பி உடம்புக்குள் விடாமல் ஊசியைக் கழற்ற முடியாது. "மிஸ்ஸி, கழட்டி விடுங்க, நான் போவணும்" என்று கையை இழுத்தார். அவரைப் பிடித்து உட்கார வைக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

மலேசியாவில், கோலா கெத்திலில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் பல வருடம் தாதியாக, நோயாளிகள் வாய்க்கு 'மிஸ்ஸி'யாக இருந்து, சமீபத்தில்தான் ஓய்வு பெற்றேன். இந்த வேலைக்குப் புதிதாக வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன்.

கணேசன் செம்பனை எண்ணெய் ஆலையில் வேலை செய்தவர். நீரிழிவில் இரண்டு கிட்னியும் போய்விட்டன. ஒன்றை நான் தருகிறேன் என்று மனைவி முன்வந்தார். பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் அவரைப் பரிசோதித்துவிட்டு, "எடை அதிகம், சுகரும் எல்லையில் நிற்கிறது, குறைத்துக்கொண்டு வாருங்கள், பிறகுதான் மற்ற டெஸ்ட்" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்கா சோற்றைத் தொடவில்லை. சீனி போடாத கோப்பியும் ரெண்டு பிஸ்கட்டும்தான். அதில் வந்த மயக்கம்தான் அது.

"பட்டினி கெடந்தா ஒடம்புதான் கெடும்க்கா. அப்புறம் டாக்டர் உங்ககிட்ட கிட்னி எடுக்கவே மாட்டாரு" என்றேன்.

"மெதுவா எளைக்கச் சொல்றீங்க. அதுவரைக்கும் அவரு தாங்குவாரா மிஸ்ஸி?"

ஆனாலும் மெதுவாகத்தான் என்றேன். தட்டில் பாதி காய்கறி, கால் பங்கு சோறு, மீதி மீனோ முட்டையோ. கெட்டிப்பால் ஊற்றி ஆற்றிய தே தாரிக் டீ வேண்டாம். கணேசன் மிஷினில் இருக்கும் நேரத்தில் எதிரே இருந்த காற்பந்துத் திடலைச் சுற்றி நடக்கச் சொன்னேன். முதல் நாள் அரைச் சுற்றிலேயே மூச்சு வாங்கி, கோல் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சில மாதங்கள் எடை ஒழுங்காக இறங்கியது. பிறகு நின்றுவிட்டது. துருவிக் கேட்டதும் அக்கா தலையைக் குனிந்துகொண்டார்.

"ராத்திரியானா அவரு நாசி லெமாக் வாங்கிட்டு வராரு. ஆசையா பிரிச்சு வைக்கிறாரு. வேணாம்னு சொல்ல மனசு வரல."

அந்தத் தேங்காய்ப்பால் சோற்றைப் பற்றிக் கணேசனிடம் கேட்டேன். கண்ணை மூடிக்கொண்டே பேசினார். "தெரிஞ்சுதான் வாங்குறேன். அவள வெட்ட வேணாம் மிஸ்ஸி. எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா புள்ளைங்களுக்கு அவ ஒருத்திதான்லா. குண்டாவே இருந்துட்டுப் போவட்டும்."

அக்காவை உள்ளே கூப்பிட்டு, அதைக் கணேசன் வாயாலேயே சொல்ல வைத்தேன். அக்கா அழவில்லை.

"எனக்கும் சுகர் வந்துக்கிட்டு இருக்குலா. இப்படியே இருந்தா நானும் இதே நாற்காலியிலதான் வந்து உக்காரணும். அப்ப புள்ளைங்கள யாரு பாப்பா?"

கணேசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அதற்குப் பின் பொட்டலம் வரவில்லை.

டாக்டர் சொன்ன எடைக்கு அக்கா வந்து சேர்ந்தார். சுகரும் இறங்கியிருந்தது. டெஸ்டுக்குத் தேதி கொடுத்தார்கள். அந்தத் தேதி வருவதற்குள் கணேசனுக்கு இரத்தத்தில் கிருமி பரவியது. வார்டில் சேர்த்தார்கள். திரும்பி வரவில்லை.

பதினாறாம் நாள் கருமக்கிரியைக்குப் போனேன். பந்தியில் பரிமாறிக்கொண்டிருந்த அக்காவைச் சொந்தக்காரப் பெண்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அடேயப்பா, எப்படி எளைச்சிட்டே சாந்தா! ஆளே அடையாளம் தெரியலலா. என்னா சாப்புடறே, எங்களுக்கும் சொல்லேன்."

அக்கா சிரித்தார். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டிருந்தது. கைக்கடிகாரம் முழங்கை வரை ஏறி இறங்கியது. நான் அவரை அடுப்படிக்கு அழைத்துப் போனேன்.

"கடைசியா எப்பக்கா சாப்பிட்டீங்க?"

"தெரியல மிஸ்ஸி. பசிக்கவே இல்ல. இனிமே யாருக்குலா?"

சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்து கொடுத்தேன். நாலு வாய் இறங்கியது. மறுநாள் மகளை அழைத்துக்கொண்டு கிளினிக்குக்குப் போகச் சொன்னேன். மனச்சோர்வு என்று மருந்து கொடுத்தார்கள். வெகுநாள் கழித்துத்தான் கேண்டீன் வேலைக்குத் திரும்பினார். அதன் பிறகு ஒரு நாள் எங்கள் தராசில் ஏறி நின்றார். எடை கொஞ்சம் கூடியிருந்தது. எங்கள் நோயாளிகளுக்கு எடை ஏறினால் உடம்பில் நீர் சேர்கிறது என்று பொருள்; முள் ஏறியதைப் பார்த்து நான் சந்தோஷப்பட்டது என் வேலைக்காலத்தில் அந்த ஒரு முறைதான்.

ஒருவர் எடை குறைந்து வந்தால் உடனே பாராட்டாதீர்கள். "இன்னைக்கு என்ன சாப்பிட்டீங்க?" என்று கேளுங்கள். பதில் வரும்வரை அங்கேயே நில்லுங்கள்.