உட்கார்ந்தும் நின்றும் வந்தவர்

1. மஞ்சள் நிறத்தில் மிக நுண்ணிய குறைக்கடத்தித் துகள்கள் செய்தேன்.
2. அவை கட்டிதட்டாமல் காக்கும் மூலக்கூறுகள் அவற்றின் மேற்பரப்பில் ஒட்டியிருக்கின்றனவா என்று, மூலக்கூறுகளின் நிலையைக் கோடுகளாகக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் பார்த்தேன். ஒட்டியவை அகலமான கோடு தரும், தனியே திரிபவை கூரிய கோடு தரும். எனக்கு இரண்டுக்கும் நடுவாக ஒரே கோடு வந்தது.
3. "சாம்பிள் சுத்தமில்லம்மா, மறுபடி கழுவு" என்றார் என் ஆராய்ச்சி கைடு. மறுபடி கழுவினால் துகள்கள் கட்டிதட்டி, ஒரு வருஷ வேலை வீணாகிவிடும்.

அந்த வாரம் தாம்பரம் ரயிலின் பெண்கள் பெட்டியில் ஓர் அம்மாவைக் கவனித்தேன். ஒல்லியான உடம்பு, இறுகப் பின்னிய நரைமுடி, தோளில் ரெக்சின் பை. தாம்பரத்தில் உட்காருவார். குரோம்பேட்டையில் எழுந்து நிற்பார். பல்லாவரத்தில் வேறு இடத்தில் உட்கார்ந்து, மீனம்பாக்கத்தில் மறுபடி எழுவார்.

கீரைக்கூடையோடு வந்தவர் சீண்டினார்: "இன்னாக்கா, நீ குந்திகினு வர்றியா, நின்னுகினு வர்றியா?"

"ரெண்டுந்தான். உனக்கு இன்னா பேஜாரு?"

என் மூலக்கூறுகளும் அப்படித்தானோ என்று தோன்றியது. ஒட்டுவதும் விலகுவதும் வேகமாக நடந்தால் கருவிக்கு ஒரே கோடுதான் தெரியும். கழுவாமல், குளிரவைத்துப் பார்த்தேன். வேகம் குறைந்து, கோடு அகலமாக ஒன்றும் கூராக ஒன்றுமாக இரண்டாகப் பிரிந்தது.

இப்போது சாம்பிள் பத்திரமாக இருக்கிறது, அது சுத்தம்தான் என்று கைடும் ஒப்புக்கொண்டுவிட்டார். அந்த அம்மா ஏன் எழுந்து எழுந்து உட்கார்ந்தார் என்பது மட்டும் இன்னும் தெரியவில்லை.