தூங்கிய காலின் அளவு

குளியலறையிலிருந்து 'சரக்... சரக்' என்று ஏதோ சுரண்டும் சத்தம் வந்தது. தையல்காரர் மெஷினை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டார். சத்தமும் நின்றது. மறுபடி மிதித்தார். மறுபடி 'சரக்'.

சட்டையின் கை நீளத்தைக் குறைத்துக்கொள்ள வந்திருந்த அவருடைய தங்கை, ஆஸ்பத்திரி நர்ஸ். அவள்தான் எழுந்து போய்க் கதவைத் தள்ளினாள்.

"ஐயோ அண்ணி! சர்க்கரையை வச்சுக்கிட்டு காலில பிளேடா?"

தையல்காரர் விழுந்தடித்துக்கொண்டு ஓடினார். முக்காலியில் உட்கார்ந்திருந்தாள் அவர் மனைவி. சுண்டுவிரல் ஓரத்தில் கால் ஆணி. கையில் அவருடைய சவர பிளேடு.

"நல்லவேளை, ரத்தம் வரல. சின்னக் கீறல் போதும் அண்ணி, புண்ணாகி விரலையே எடுக்க வச்சுடும். கடையில விக்கிற ஆணி பிளாஸ்திரியும் வேண்டாம், அது நல்ல தோலையும் அரிச்சுடும். காலையில டாக்டர்கிட்ட வாங்க, அவர் பக்குவமா எடுத்துடுவார்" என்ற தங்கை, வாசலில் கிடந்த கறுப்பு ஷூவைத் தூக்கி வந்து விரலோரம் வைத்துப் பார்த்தாள். "இங்கதான் உரசுது. எந்த மகராசன் வாங்கிக் குடுத்தது?"

மகராசன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவர் மனைவிக்குத் துணிக்கடை வாசலில் பைகளை வாங்கி வைத்து டோக்கன் கொடுக்கும் வேலை. உட்கார நாற்காலி கிடையாது. கல்யாண நாளுக்குச் சொல்லாமல் ஷூ வாங்கித் தரவேண்டும் என்று, அவள் அசந்து தூங்கும்போது மூச்சைப் பிடித்துக்கொண்டு டேப்பால் பாதத்தை அளந்திருந்தார் அவர்.

"படுத்திருக்கிற காலையா அளந்தே? நல்ல தையல்காரன் போ! நாள் பூரா நின்னா கால் பரந்து வீங்கும் அண்ணா. ஷூவைச் சாயங்காலம்தான் வாங்கணும், நின்னு பார்த்துத்தான் வாங்கணும்."

அவர் மனைவியின் பக்கம் திரும்பினார். "வலிக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

"உங்க அளவு தப்பாதுன்னு ஊரே சொல்லுது. தப்புன்னு நான் ஒருத்தி சொல்லணுமாங்க?"

தையல்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. சட்டை வெட்டும் காகிதத்தைத் தரையில் விரித்தார். மனைவியை அதன்மேல் நிற்கவைத்து, மண்டியிட்டு, சாக்கட்டியால் பாதத்தைச் சுற்றிக் கோடு இழுத்தார்.

"கூசுதுங்க!"

"ஆடாதே. அளவு தப்பிடும்."

"தாராளமா விட்டு வரைண்ணா," என்றாள் தங்கை. "விரலுக்கு முன்னால கட்டைவிரல் அகலம் இடம் இருக்கணும். அண்ணி, தினம் காலைக் கழுவி, விரலிடுக்கில ஈரமில்லாம ஒத்தி எடுங்க. பாதத்துக்குக் கிரீம் தடவுங்க, இடுக்கில வேண்டாம்."

சொல்லிக்கொண்டே ஷூவைத் தன் பையில் திணித்தாள்.

"அதை விட்டுட்டுப் போம்மா. போடமாட்டேன், சும்மா வச்சிருக்கேன். ஆசையா வாங்கிக் குடுத்தாரு."

"உங்களைத் தெரியாதா? நான் படி இறங்கினதும் மாட்டிக்குவீங்க."

மனைவி குனிந்து பார்த்தாள். கணவர் இன்னும் எழுந்திருக்கவில்லை. கோடு போட்டு முடித்த பிறகும் அந்தச் சுண்டுவிரலைத் தன் உள்ளங்கையில் ஏந்தியபடி இருந்தார். அவள் அவர் தோளில் கைவைத்துச் சாய்ந்து நின்றாள்.

"எடுத்துக்கிட்டுப் போ," என்றாள் மெல்ல.

தங்கை பையோடு வெளியேறி, சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள்.