ஒன்பதாயிரம் சுற்று

அவரைத் தெரிந்தவர்கள் எல்லோரும் ‘உஷ்’ என்றுதான் அழைப்பார்கள். ஒலிப்பதிவு தொடங்குமுன் உதட்டில் விரலை வைத்து அவர் போடும் ஒற்றைச் சத்தம் அப்படியே பெயராக ஒட்டிக்கொண்டது. பழைய கேசட்டுகளைக் கணினிக்கு மாற்றி, அவற்றில் இருக்கும் இரைச்சலை நீக்கிக் கொடுப்பது தொழில். யாரோ ஒருவரின் தாத்தா முப்பது வருஷத்துக்கு முன் பேசியதை எடுத்து, அதற்குப் பின்னால் ஓடும் மின்விசிறியை மட்டும் பிரித்து வெளியே தள்ளுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. ஊரார் வீட்டு மின்விசிறிகளையெல்லாம் இப்படி நிறுத்தியவர், தன் வீட்டுக்குத் தானே தேடிப்போய் நான்கை வாங்கி வந்தார்.

வாங்கியது உண்மையில் ஒரு பெட்டி. பன்னிரண்டு ஹார்ட் டிஸ்க்குகளை வரிசையாகச் செருகிவைக்கும் இரும்புப் பெட்டி. ஏதோ ஒரு கம்பெனி சர்வர் அறையைக் காலி செய்தபோது காயலான் கடைக்கு வந்து சேர்ந்தது. மின்விசிறிகள் அதன் முதுகில் இருந்தன.

“சத்தம் வருமா?” என்று கேட்டார் உஷ்.

“ஃபேன்ல சத்தம் வராம சங்கீதமா சார் வரும்?” என்றார் கடைக்காரர். “ஆனா ஒண்ணு, நமக்கப்புறமும் ஓடும்.”

போட்டுக் காட்டினார். கடை பெரிய சாலையில் இருந்தது. லாரிகளுக்கும் பஸ்களுக்கும் நடுவே அது பூனை மூச்சு விடுவதுபோலத்தான் கேட்டது. காதை வைத்துப் பிழைக்கிறவர், காதை வைத்துத்தான் ஏமாந்தார்.

வீட்டில், முன்னறை அலமாரியின் கீழ்த்தட்டில் வைத்து ஸ்விட்சைப் போட்டபோது காலை ஒன்பது மணி. படுத்து ஒரு மணி நேரமே ஆன மனைவி தலையணையைக் கையில் பிடித்தபடி வெளியே வந்தார்.

“ஏங்க, எங்க போறோம்?”

“எங்கயும் போகலையே.”

“ஃப்ளைட் கெளம்புற மாதிரி இருக்கேன்னு பார்த்தேன்.”

மனைவிக்கு ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் வேலை. அழைப்பை எடுத்து, முகவரி கேட்டு, வண்டி அனுப்பவேண்டும். நிரந்தர இரவுப்பணி, தூக்கம் காலை எட்டிலிருந்து மூன்று வரை. வீடு என்பது இரண்டு அறையும் ஒரு சமையற்கட்டும். எனவே அடுத்த சில வாரங்கள் அந்தப் பெட்டி வீட்டுக்குள்ளேயே ஊர் சுற்றியது. பரணுக்குப் போனது, கூரை அதிர்ந்தது. பால்கனிக்குப் போனது, எதிர்வீட்டுக்காரர் “மாவு மில் எப்ப தொறந்தீங்க?” என்று விசாரித்தார். பழைய மெத்தையை அறுத்து அதன் பஞ்சால் அலமாரிக்கு உள்ளுறை தைத்தார் உஷ். இரைச்சல் கொஞ்சம் பதமாகி, தலைவலியாக மாறியது.

அந்த மாதம் மனைவி ஒரு வண்டியைத் தவறான தெருவுக்கு அனுப்பினார். நோயாளி பிழைத்துக்கொண்டார். மனைவிக்கு மெமோ வந்தது. அதை அவர் கணவனிடம் காட்டவில்லை. சாப்பாட்டு மேசையில் உப்பு ஜாடிக்கு அடியில் வைத்தார். அது காட்டுவதைவிட மோசம்.

பெட்டியைத் தூக்கிப் போட்டுவிடலாமே என்று தோன்றும். போட முடியாத காரணம் அதற்குள்ளேயே இருந்தது.

மனைவியின் அப்பா வெளிநாட்டுத் துறைமுகம் ஒன்றில் கிரேன் ஓட்டப் போனவர். எழுத வராததால் கேசட்டில் பேசி அனுப்புவார். மகளுக்கு நான்கு வயதிலிருந்து பதினொன்று வரை பத்தொன்பது கேசட்டுகள் வந்தன. பிறகு கேசட்டும் வரவில்லை, அவரும் வரவில்லை. திருமணத்தின்போது மனைவி கொண்டுவந்த பொருட்களில் அந்தச் சிவப்பு பிஸ்கட் டப்பாவும் ஒன்று. நாடாக்கள் நைந்து போயிருந்தன. ஒரே ஒருமுறை ஓட்டலாம், அத்தோடு சரி என்பது உஷ்ஷுக்குப் பார்த்ததுமே தெரிந்தது. ஓட்டினார். குரல் கணினிக்குள் போகப்போக, நாடாவிலிருந்து பழுப்புத் தூள் உதிர்ந்தது. ஒவ்வொரு கேசட்டுக்கும் பிறகு பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து அதைத் துடைத்துப் போட்டார்.

“காப்பி எடுத்து வச்சிட்டீங்கல்ல?” என்று மனைவி அப்போது கேட்டார்.

“இருக்கு, இருக்கு.”

இல்லை. இரண்டு டிஸ்க் செத்தாலும் மூன்றாவது சாகாதவரை எதுவும் அழியாதபடி பெட்டியை அமைத்திருந்தார். அதுவே காப்பி ஆகாது என்பதை வாடிக்கையாளர்களுக்கு மணிக்கணக்கில் வகுப்பெடுப்பவர் அவர். வந்தவர் போனவர் எல்லோருக்கும் இரண்டு பென் டிரைவில் போட்டுக் கொடுப்பார். பென் டிரைவ் வாங்கிப் போகாத ஒரே வாடிக்கையாளர், அதே வீட்டில் இருந்தவர்தான்.

கணினிக்கு மாற்றிய பிறகு மனைவி அந்தக் குரலைக் கேட்டதும் இல்லை. “இருக்குல்ல, போதும்” என்பார்.

மெமோவுக்குப் பிறகு உஷ் இறுதி நடவடிக்கையில் இறங்கினார். நான்கு பழைய ஃபேன்களையும் கழற்றி, மெதுவாகச் சுற்றும் ஒரு பெரிய ஃபேனை மாட்டினார். பெட்டி ஒப்புக்கொள்ளவில்லை. ஃபேனிலிருந்து வரும் ஒரு மெல்லிய ஒயர், நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்று அதற்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். சுற்று குறைந்தால் ஃபேன் செத்துவிட்டது என்று முடிவு கட்டி, மஞ்சள் விளக்கைப் போட்டு ‘பீப் பீப்’ என்று ஒப்பாரி வைக்கும். எனவே தீப்பெட்டி அளவில் ஒரு சின்ன சர்க்யூட் செய்தார். ஃபேன் எப்படிச் சுற்றினாலும் அது பெட்டியிடம் ‘ஒன்பதாயிரம்’ என்று சொல்லும். பெட்டி நம்பியது. வீடு அமைதியானது. மனைவி அன்று நான்கரை வரை தூங்கினார்.

எழுந்து வந்து, “இவ்வளவு நாள் இதை ஏன் செய்யலை?” என்றார். உஷ்ஷுக்கு வாழ்நாளில் கிடைத்த மிகப்பெரிய பாராட்டு அது.

ஏழு வாரம் கழித்து மெத்தைப் பஞ்சின் துணுக்கு ஒன்று உதிர்ந்து ஃபேன் இறக்கையில் சிக்கியது. பழைய ஃபேனாக இருந்தால் அதைத் தூளாக்கித் துப்பியிருக்கும். இது சாதுவான ஃபேன், நின்றுவிட்டது. சர்க்யூட் ‘ஒன்பதாயிரம்’ என்றது. டிஸ்க்குகள் சூடாகின்றன என்று கணினி மூன்று நாளில் ஐந்து முறை எச்சரித்தது. ஒவ்வொரு முறையும் உஷ் திரையில் ஃபேன் வேகத்தைப் பார்த்தார். ஒன்பதாயிரம். அப்புறம் என்ன கவலை? எண்ணைப் போட்டவரே அந்த எண்ணைப் பார்த்து ஆறுதல் அடைந்தார்.

நான்காம் நாள் பின்னிரவில் இரண்டு டிஸ்க்குகள் அடுத்தடுத்துச் செத்தன. அலமாரியைத் திறந்தபோது அடுப்பைத் திறந்ததுபோல முகத்தில் அடித்தது.

விடியுமுன் காயலான் கடைக்கு ஓடி, கடைக்காரரைத் தட்டி எழுப்பினார்.

“ரெண்டு டிஸ்க் வேணும். இப்பவே.”

“என்ன சார், மூஞ்சியே சரியில்லை?”

“இன்னும் ஒண்ணு போச்சுன்னா எல்லாம் போச்சு.”

கடைக்காரர் உள்ளே போனார். தேடி எடுத்துக் கொடுத்தார். புதிய டிஸ்க்குகளில் பழைய விவரங்களை மீண்டும் எழுத முப்பத்தெட்டு மணி நேரம் ஆகும் என்று கணினி சொன்னது. எழுதி முடியும்வரை ஒரு கோப்பைக்கூட நகலெடுக்க அந்தப் பழைய பெட்டி விடாது. அந்த முப்பத்தெட்டு மணி நேரமும் மிச்சமிருக்கும் பத்து டிஸ்க்குகள் ஓயாமல் உழைக்க வேண்டும். ஏற்கெனவே வெந்துபோன டிஸ்க்குகள். அவற்றைக் குளிரவைக்கப் பழைய ஃபேன்களால் மட்டுமே முடியும். சர்க்யூட்டுக்காக ஒயரை வெட்டியவரே, உட்கார்ந்து பழைய ஃபேன்களை மாட்டி மறுபடி பற்றவைத்தார். அவசரத்தில் விரலைச் சுட்டுக்கொண்டார்.

மனைவி காலை ஏழரைக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது பெட்டி முழுக் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

“மறுபடியுமா?”

“ரெண்டு நாள். ரெண்டே நாள் பொறுத்துக்கோ.”

“எனக்கு நாளைக்கும் டூட்டி. ஆஃப் பண்ணிட்டு, நான் கெளம்பினப்புறம் போடுங்க.”

“நடுவுல நிறுத்தக் கூடாதும்மா.”

“என்ன பெரிய ஆபரேஷனா நடக்குது? யாரோட கேசட்டு?”

உஷ் திரையைப் பார்த்தார். இரைச்சலில் கேட்கவில்லை என்று நடிக்கலாமா என்று ஒரு கணம் யோசித்ததாகப் பின்னர் ஒப்புக்கொண்டார்.

“யாரோடது?”

“உங்கப்பாவோடது.”

“அதான் காப்பி இருக்கே.”

அவர் தலையை ஆட்டவும் இல்லை, மறுக்கவும் இல்லை. மனைவி அவர் முகத்தைப் பார்த்தார். தினமும் நூறு பேரின் குரலை வைத்தே யார் பொய் சொல்கிறார், யார் சாகக் கிடக்கிறார் என்று கண்டுபிடிக்கும் தொழில். இவர் வாயே திறக்காதது எளிதாகப் போயிற்று.

“ஓட்டுங்க” என்றார்.

அன்று மனைவி தூங்கவில்லை. மாலையில் அப்படியே வேலைக்குப் போனார். உஷ் கண்ணாடித் தட்டில் எறும்பு ஊர்வதைப் பார்ப்பதுபோல எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தார். பதினாறு சதவீதம். முப்பத்தொன்று. அலமாரிக் கதவையே கழற்றிவிட்டு, மேசை விசிறியையும் முன்னால் வைத்தார். அறுபது வந்தபோது காலையாகியிருந்தது. மனைவி வந்து, கேள்வி கேட்காமல் திரையை எட்டிப் பார்த்துவிட்டு, புடவை மாற்றாமலே கட்டிலில் விழுந்தார். ஐந்து நிமிடத்தில் குறட்டை. அந்த இரைச்சலுக்குள்.

எழுபத்தொன்றில் எண் நின்றது. பதினொரு மணி இருக்கும். வரிசையில் ஏழாவது டிஸ்க்கிலிருந்து, நகத்தால் தகரத்தைச் சுரண்டுவதுபோல ஒரு சத்தம் வந்தது. அத்தனை இரைச்சலிலும் அதைத் தனியாகப் பிரித்துக் கேட்க அவர் ஒருவரால்தான் முடிந்திருக்கும். திரையில் சிவப்பு வரி தோன்றியது. மூன்றாவதும் போய்விட்டது. அவர் கையை நீட்டி ஸ்விட்சை அணைத்தார்.

அமைதியில் மனைவி எழுந்துகொண்டார்.

“முடிஞ்சிடுச்சா?”

“மூணாவதும் போயிடுச்சு.”

“எல்லாமா? பத்தொன்பதுமா?”

“எல்லாம்தான்.”

மனைவி கட்டிலிலேயே உட்கார்ந்திருந்தார். தெருவில் யாரோ சைக்கிளுக்குக் காற்றடிக்கும் சத்தம்கூடத் தெளிவாகக் கேட்டது. அதைக் கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, “அதைப் போட்டு விடுங்க” என்றார்.

“எதை?”

“அந்தச் சத்தத்தை.”

“உள்ள ஒண்ணும் இல்லம்மா. போட்டு என்ன பண்ண?”

“எனக்குத் தெரியாதா? சும்மா ஓடட்டும். எட்டு மணிக்கு டூட்டி இருக்கு, நான் தூங்கணும்.”

உஷ் பன்னிரண்டு டிஸ்க்குகளையும் ஒவ்வொன்றாக உருவி, துண்டை விரித்து அதன்மேல் வரிசையாக வைத்தார். இன்னும் சுட்டன. பிறகு காலிப் பெட்டியின் ஸ்விட்சைப் போட்டார். நான்கு ஃபேன்களும் குளிரவைக்க எதுவுமின்றி ஒன்பதாயிரம் சுற்றை எட்டின. இந்த முறை எண் உண்மையானது. மனைவி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். தூங்கினாரா என்று உஷ்ஷுக்குத் தெரியவில்லை. மூச்சு கேட்கிற தூரத்தில்தான் இருந்தார், இரைச்சலில் கேட்கவில்லை.