மூச்சு விடும் கிணறு

சேக்காட்டில் எங்கள் அடுக்ககத்தின் கார் நிறுத்துமிடத்தில், மழை விட்டதும் களிமண் வாடை அடித்தது. சிறுவயதில் இதே வாடை, இதே இடத்தில், தூர்த்த கிணற்றின் மேல் நிற்கும். குழாயடியில் பெண்கள் பேச்சோடு பேச்சாகச் சொல்வார்கள்: "இன்னா நைனா, நேரா போற? பசுவ முழுங்கின கெணறு, மூச்சு வுட்டுகினு கீது. நீ அதுக்கு ஒரு வாய்க்குப் பத்தமாட்டே!"

சிரித்தபடியே அவர்களும் குடத்தோடு சுற்றித்தான் போவார்கள்.

இப்போது இங்கே என்னைத் தவிர எல்லோரும் வெளியூர்க்காரர்கள். நானும் அந்தக் கிணற்றுக் கதையை எவரிடமும் சொன்னதில்லை.

இன்று என் மகள் காரருகே வர மறுத்தாள்.

"வெளியே எடுப்பா, ஏறிக்கிறேன். கீழே கிணறு மூச்சு விடுதாம்."

"யார் சொன்னா?"

"லிஃப்டுல எல்லாரும் பேசிக்கிறாங்களே."

காரைத் தெருவுக்கு எடுத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன். அது நின்ற இடத்தில் சிமெண்டுத் தரை வட்டமாக அமுங்கியிருந்தது.