அட்டை மணிக்கூட்டின் முட்கள்

இலங்கை மலைநாட்டில், அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் நான் வாத்தியாராக இருந்தேன். ஒரே கூடம், ஐந்து வகுப்பு, ஒரே ஆள். மாலையில் பிள்ளைகள் போனதும் தொண்டை கட்டிக் குரலே வராது. அதற்குப் பிறகுதான் அரசாங்க ஆசிரியர் பரீட்சைக்குப் படிக்க வேண்டும்.

கணக்குப் பாடத்தில் என்னைப் படுத்தியது மணிக்கூட்டு முட்கள். பெரிய முள் நிமிடத்துக்கு ஆறு பாகை சுற்றும், சின்ன முள் அரைப் பாகை. இரண்டும் எப்போது ஒன்றுசேரும், எப்போது எதிரெதிரே நிற்கும் என்று கேட்பார்கள். எங்கள் லயத்து வரிசை வீடுகளில் யார் வீட்டிலும் மணிக்கூடு இல்லை. பழைய கலண்டர் அட்டையை வட்டமாக வெட்டி, இரண்டு ஈர்க்குச்சியை ஆணியில் பொருத்தி நானே ஒன்று செய்துகொண்டேன்.

அக்கா கொழுந்து பறித்து நனைந்து வந்து அடுப்பருகே உட்காருவாள். என்னைப் படிக்க வைத்தது அவள்தான். ஒருநாள் அட்டையைப் பார்த்துக் கேட்டாள்.

"சின்ன முள்ளு நின்ன எடத்துலயேதான் நிக்குமா?"

"அதுவும் நகரும்க்கா. மெதுவா நகரும், கண்ணுக்குத் தெரியாது."

"நீ பெரிசை மட்டுந்தானே சுத்துற?"

"ரெண்டையும் ஒண்ணா சுத்த வராது. கையால ஒவ்வொண்ணாத்தான் திருப்பணும்."

அக்கா உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டாள்.

பரீட்சை அட்டன் டவுனில். விடியுமுன் ரோட்டுக்கு இறங்கி, பஸ்ஸில் வளைவுக்கு வளைவு குலுங்கிப் போய்ச் சேரும்போதே அலுத்துவிட்டது. வினாத்தாளில் அதே கணக்கு: மூன்று மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில் முட்கள் எப்போது நேர் எதிரே நிற்கும்? மூன்றுக்கு எதிர் ஒன்பதுதானே என்று, நாற்பத்தைந்தாவது நிமிடம் என எழுதிவிட்டு அடுத்ததற்குப் போனேன்.

கழுத்து வலித்தது. தற்செயலாக நிமிர்ந்தபோது சுவரில் பெரிய மணிக்கூடு, பத்தே முக்கால். சின்ன முள் பத்தில் இல்லை. பதினொன்றை ஒட்டிப் போயிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். சூத்திரம் மனப்பாடம்தான், ஆனாலும் கணக்குப் போட்டபோது என் அட்டையில் அசையாமல் கிடந்த ஈர்க்குச்சிதான் மனதில் இருந்திருக்கிறது. விடையை அடித்துவிட்டு, நிமிடத்துக்கு ஐந்தரைப் பாகை வித்தியாசம் என்று வைத்து மறுபடி போட்டேன். நாற்பத்தொன்பது நிமிடமும் சொச்சமும் வந்தது.

பரீட்சையில் சித்தியடைந்தேன். அரசாங்கப் பாடசாலை வேலைக்கு நேர்முகத்துக்கும் கூப்பிட்டார்கள். அங்கிருந்த அதிகாரி தமிழர்தான், மரியாதையாகவே பேசினார்.

"பிரஜாவுரிமை கெடைச்சிட்டுதா?"

"மனுப் போட்டிருக்கோம்ங்கய்யா. இன்னும் பதில் வரலீங்க."

"அது இல்லாம நான் ஒண்டும் செய்ய ஏலாது, தம்பி."

தாத்தா காலத்தில் இந்தியாவிலிருந்து வந்தவர்கள் என்று தோட்டத்து ஆட்களுக்குப் பிரஜாவுரிமை தானாகக் கிடைப்பதில்லை. கோபப்படக்கூடத் தெம்பில்லை. சரிங்க என்று எழுந்து வந்தேன்.

லயத்துக்கு வந்து சேர்ந்தபோது அக்கா வாசலில் காலைக் கழுவிக்கொண்டிருந்தாள். நடந்ததைச் சொன்னேன். "நான் இங்கதானே பொறந்தேன், நீயும் இங்கதானே பொறந்த?" என்றாள். அவள் உள்ளே போய் ரொட்டி சுட்டாள். சூடாகத் தின்றோம்.

மறுநாள் தோட்டப் பாடசாலைக் கூடத்தில் பிள்ளைகள் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார்கள்.