ஒரு சாண் உயர்ந்த பிக்கப்

செய்தி வந்தபோது நான் ஒரு பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தேன். தோட்டத்துத் தேயிலை ஆலையான ஸ்டோரிலிருந்து ஓடி வந்த ஆள் வாசலில் நின்று, "பிட்டரய்யா போயிட்டாரும்மா. பிளேன்டீ குடிச்சிட்டு கோப்பையைக் கீழ வெச்சாரு, அப்படியே சாஞ்சிட்டாரு" என்றார். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. என் வீட்டுப் புகைபோக்கியைப் பார்க்க அன்றைக்கு வருவதாகச் சொல்லியிருந்தார். சொன்ன சொல் தவறாத மனிதர் இப்படியா ஏமாற்றுவது!

பிட்டர் முத்துவேலுவை உங்களுக்குத் தெரியும். இறம்பொடைப் பக்கத்து நம் தோட்டத்தில் இயந்திரம், வண்டி என்று ஓடியதெல்லாம் அவர் கைபட்டு ஓடியவைதான். யாழ்ப்பாணத்திலிருந்து மருத்துவச்சியாக வந்த என்னுடைய பேச்சைக் கேட்டு முகத்துக்கு நேரே சிரித்த முதல் ஆளும் அவர்தான். "அம்மா திட்டினாலும் கேக்க நல்லாத்தான் இருக்கு" என்பார். திட்டுவதற்குக் காரணங்களும் தாராளமாகத் தருவார்.

மலை மேலே மேற்கணக்குத் தொழிலாளர் குடியிருக்கும் லயங்களுக்குப் போகிற பாதை அந்த நாளில் பாதையே அல்ல, பாதி ஓடை. தோட்டத்து பிக்கப் அதில் போய் இரண்டு தடவை அடிவயிற்றில் கல் மோதி எண்ணெயெல்லாம் தண்ணீரோடு போயிற்று. அதனால் நோயாளிகளைக் கம்பளியில் தூளி கட்டித்தான் இறக்குவோம், நாலு மணி நேரம். ஒரு மழைக்காலத்தில் ஒரு தாய் அந்தத் தூளியிலேயே என் கண்முன்னால் போய்விட்டாள். தூளியின் முன்கம்பைச் சுமந்து வந்தவர் முத்துவேலு. மறுநாளே தோட்டத்தை நடத்துகிற துரையிடம் போய், "வண்டியைத் தூக்கிக் கட்டுறேன் துரை" என்று கேட்டிருக்கிறார்.

உடைந்த லொறியொன்றின் பாரம் தாங்கும் வில்லுப் பட்டைகளை எடுத்து பிக்கப்பின் பட்டைகளோடு சேர்த்தார். அச்சுக்கும் வில்லுக்கும் நடுவில் இரும்புக் கட்டை வைத்து, அதைப் பிடிக்கும் நீளமான ஆணிகளை ஸ்டோர் உலையிலேயே அடித்தார். வண்டி ஒரு சாண் உயர்ந்து நின்றது. ஆட்டுக்குட்டிகள் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தன. நான் போய்ப் பார்த்துவிட்டு, "உமக்கென்ன விசரோ? பிள்ளைத்தாச்சியை ஏணி வைச்சோ ஏத்திறது?" என்று கத்தினேன். மறுநாள் பின்பக்கம் இரண்டு படி இருந்தது. தேங்காய் உடைத்து, மேற்கணக்குக்கு மாத அரிசியை மூட்டை மூட்டையாக ஏற்றிப் போனார்கள். ஒரு கல்லும் அடியைத் தொடவில்லை. துரை அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

அடுத்த வாரமே மேற்கணக்கு லெட்சுமிக்கு வலி கண்டது. தலைச்சன் பிள்ளை, வயிற்றில் குறுக்கே கிடந்தது. பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகாவிட்டால் இரண்டு உயிருமில்லை. அவள் வீட்டு வாசலில் கூடியிருந்த பெண்களை, "என்ன கூத்தே பாக்கிறியள்? போங்கோ அங்காலை" என்று வழக்கம்போல விரட்டிவிட்டு, பிக்கப்புக்கு ஆள் அனுப்பினேன். வந்தது. முத்துவேலு இடுப்பைப் பிடித்துக்கொண்டு இறங்கினார். முகம் செத்திருந்தது.

"அம்மா, பெரிய தப்பு பண்ணிட்டேன். மூட்டையை ஏத்தித்தான் ஓட்டிப் பாத்தேன், வெறும் வண்டியா ஓட்டிப் பாக்கல. பாரமில்லாட்டி இந்தப் பட்டை மடங்க மாட்டேங்குது. தூக்கித் தூக்கி அடிக்குது. இந்தப் புள்ளையை இப்படியே ஏத்தினா வழியிலயே கொன்னுடுவோம்."

கணவன், மாமியார், கணக்கப்பிள்ளை எல்லோரும் கேட்கச் சொன்னார். ஒளிக்கவில்லை, பாதையின் மேல் பழி போடவில்லை. மறுபடியும் அந்தத் தூளியா? "கல்லை ஏத்துவமோ?" என்றேன். "உருண்டு புள்ளை மேலயே விழும்" என்றார். அரிசி மூட்டை ஒன்றுகூட இல்லை, கொழுந்தும் ஸ்டோருக்குப் போய்விட்டது. அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். நான் விரட்டிய பெண்கள் போகாமல் வாய்க்கால் ஓரத்தில் கைகட்டி நின்றார்கள். முத்துவேலு பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"அம்மா, பாரம் அங்க நிக்குது பாருங்க! ஏய், எல்லாரும் வாங்க, வண்டியில ஏறுங்க! தடிச்சவங்க மொதல்ல!"

"இத்தனை நாளா என் ஒடம்பைப் பாத்து சிரிச்சீங்களே, இப்ப வேணுமாக்கும்?" என்று ஒருத்தி கேட்டுக்கொண்டே படியில் கால் வைத்தாள். பதினாறு பேர் ஏறினார்கள். ஒவ்வொருத்தி ஏறவும் வண்டி கொஞ்சம் கொஞ்சமாகத் தாழ்ந்தது. லெட்சுமியைத் தங்கள் மடிகளில் குறுக்காகக் கிடத்தி, ஒருத்தி தலையையும் ஒருத்தி காலையும் பிடித்துக்கொண்டார்கள். ஓடைக்குள் இறங்கியபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். தொட்டில்போல ஆடிற்று, அவ்வளவுதான். யாரோ மாமியார்களைக் கேலி செய்து பாட்டெடுக்க, வலிக்கும் வலிக்கும் நடுவில் லெட்சுமியும் சிரித்தாள். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கிய கூட்டத்தைப் பார்த்து, "இதில் ஆர் நோயாளி?" என்று நர்ஸ் கேட்டாள். அன்று பின்னேரம் பிறந்த பெண்பிள்ளை போட்ட சத்தம் வெளியே நின்ற பதினாறு பேருக்கும் கேட்டது. முத்துவேலு வண்டிச் சில்லில் நெற்றியை முட்டுக் கொடுத்து அழுதார். நானும் அழுதேன், எனக்கென்ன வெட்கம்.

வேலையை விட்டுவிட்டுப் போன அந்தப் பெண்களுக்கு அன்றைக்கு அரைப்பேர், பாதிச் சம்பளம்தான் என்று துரை சொல்ல, இவர் போய், "அவங்களும் வேலைதான் செஞ்சாங்க துரை. வில்லு வேலை" என்றாராம். துரை சிரித்து முழுப்பேர் போட்டார். அதன்பிறகு பிக்கப் ஏறி வருகிற சத்தம் கேட்டாலே, கூப்பிடாமல் பெண்கள் வந்து நிற்பார்கள். பட்டைகளைக் குறைத்துக் கட்டுகிறேன் என்று அவர் பல தடவை சொல்லியும் அவர்கள் விடவில்லை.

அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது ஒன்றுதான். எனக்குப் படிப்பு இருந்தது, கைத்திறன் இருந்தது, என்னால் முடியாது என்று சொல்ல மட்டும் வாய் வராது. அவர் சொன்னார், ஊரே கேட்கச் சொன்னார், அதனால் இரண்டு உயிர் பிழைத்தது. அவரைப் புதைத்துவிட்டு வந்த மறுநாள் கடைசி லயத்தில் ஒரு பிரசவம். வாசலில் கூட்டம். விரட்ட வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். "இண்டைக்குத் தனிய என்னாலை ஏலாது. உள்ளுக்கு வாங்கோ பிள்ளையள்" என்றேன். "ஒராள் இவளின்ரை கையைப் பிடியுங்கோ. இன்னொராள் என்ரை கையைப் பிடியுங்கோ."